பழமும் கிழங்கும் யாருடைய இடத்தில் அமர்கின்றன?

பொங்கல் நெருங்கும் நாட்களில் தேனி, சின்னமனூர், கம்பம் சந்தைகளில் கரும்பும் மஞ்சள்கொத்தும் வந்திறங்கும்போது சீனிக்கிழங்கும் குவியத் தொடங்கும். மற்ற ஊர்களில் சர்க்கரைவள்ளி என்று சொல்லப்படும் அதே கிழங்குதான். பொங்கல் படையலில் அதுவும் வாழைப்பழமும் ஒரே இலையில் இடம்பெறுகின்றன. படையல் முடிந்த மறுநாளே இரண்டின் மரியாதையும் வேறாகிவிடுகிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு போவார். கிழங்கு வாங்கிக்கொண்டு போக மாட்டார். பிள்ளைக்குப் பழம் கொடுத்தால் அது சத்து, கிழங்கு கொடுத்தால் அது வயிற்றை நிரப்பும் வேலை என்றொரு எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. இந்த உயர்வு தாழ்வுக்கு உணவறிவியலில் ஆதாரம் இல்லை. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு வெற்றி தோல்வி சொல்வதைவிட, ஒவ்வொன்றும் நம் தட்டில் எந்தப் பண்டத்தை விலக்கிவிட்டு அமர்கிறது என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

முதலில் எண்களைப் பார்ப்போம். இந்தியாவில் உணவின் சத்தை அளந்து பட்டியலிடும் வேலைக்கு வேர் தமிழ்நாட்டு மலையொன்றில் இருக்கிறது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவு, பின்னர் உணவுச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அங்கே இயக்குநராக இருந்த டபிள்யூ. ஆர். ஐக்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்புப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த அந்தக் கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017இல் அது 528 உணவுப் பொருள்களின் பட்டியலை வெளியிட்டது. இங்கே ஒப்பீட்டுக்காக அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். அதிலுள்ள வாழை கேவண்டிஷ் வகை. தேனித் தோட்டங்களில் திசு வளர்ப்புக் கன்றாக நட்டுச் சொட்டுநீரில் வளர்க்கப்படும் ஜி9 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 100 கிராம் பழுத்த வாழையில் ஏறத்தாழ 75 கிராம் தண்ணீர்; பச்சைச் சீனிக்கிழங்கில் 77. வாழை தரும் ஆற்றல் 89 கலோரி, கிழங்கு தருவது 86. நார்ச்சத்து வாழையில் 2.6 கிராம், கிழங்கில் 3. பொட்டாசியத்துக்குப் பேர்போன வாழையில் அது 358 மில்லிகிராம். யாரும் அந்தப் பேச்சில் சேர்க்காத கிழங்கில் 337. புரதம் இரண்டிலும் சொற்பம்: ஒன்றில் 1.1 கிராம், மற்றதில் 1.6. பெயரை மறைத்துவிட்டு இந்த எண்களை மட்டும் காட்டினால், இவை ஒரே பயிரின் இரண்டு ரகங்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. மாவுச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவதுபோல் ஒரு காட்சி கிடைக்கிறது. பழுத்த வாழையில் சர்க்கரை 12 கிராம், மாவு 5 கிராம் சொச்சம். பச்சைக் கிழங்கில் மாவு 12 கிராம் சொச்சம், சர்க்கரை 4 கிராம். அளவுகள் கிட்டத்தட்ட அவையேதான். இடம் மட்டும் மாறியிருக்கின்றன. இதற்குக் காரணம் செடியின் தேவை. வாழையின் காட்டு மூதாதைக்குப் பழம் என்பது விதையைப் பரப்பும் கூலி. வௌவாலும் குரங்கும் பறவையும் தேடி வந்து தின்ன வேண்டுமானால் அது இனிக்க வேண்டும், மணக்க வேண்டும், நிறம் மாறி அழைக்க வேண்டும். ஆகவே காயில் மாவாகச் சேர்த்ததைப் பழுக்கும்போது சர்க்கரையாக்கிவிடுகிறது. சீனிக்கிழங்குக் கொடிக்கு வேரில் பருத்த கிழங்கு நாளைக்கான சேமிப்பு. வறட்சி வந்து கொடி காய்ந்தாலும் மண்ணுக்கடியில் இருப்பதை வைத்து மறுபடி துளிர்க்க வேண்டும். அதற்குக் கரையாமல் கெட்டியாகக் கிடக்கும் மாவே ஏற்றது. ஒன்று விருந்துக்கு வைத்த பண்டம், மற்றது குதிரில் கொட்டிய தானியம். இரண்டுக்கும் மூலப்பொருள், இலை வெயிலில் சமைத்த அதே சர்க்கரைதான்.

அப்படியானால் பழம், கிழங்கு என்ற பெயர்கள் சத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லையா? மிகக் கொஞ்சம்தான் சொல்கின்றன. பழங்களுக்குள்ளேயே பாருங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் பழம்தான், கொய்யாவும் பழம்தான். பொதுவாகத் திராட்சையில் 100 கிராமுக்கு ஒரு கிராம்கூட நார் தேறாது. கொய்யாவில் 5 கிராமுக்கு மேல். கொய்யாவின் வைட்டமின் சி 200 மில்லிகிராமைத் தாண்டுகிறது. வாழையில் அது 9 மில்லிகிராமுக்கும் குறைவு. மண்ணுக்குள் விளைபவற்றிலும் இதே கதைதான். பீட்ரூட்டிலும் கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் கேரட்டிலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமுக்கு 40 கலோரி சொச்சமே. மரவள்ளிக்கிழங்கில் அது 160. கேரட்டையும் மரவள்ளியையும் கிழங்கு என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்து, “கிழங்கு உடம்பைப் பெருக்கும்” என்று தீர்ப்புச் சொன்னால் இரண்டுக்கும் அநியாயம். செடியின் எந்த உறுப்பு என்பதைக் கேட்பதைவிட, அந்த உறுப்பில் செடி எதைச் சேர்த்து வைத்தது என்று கேட்க வேண்டும்.

சேர்த்து வைத்தது எப்படி இனிப்பாகிறது என்பது இன்னும் சுவையான கதை. வாழைக்காயில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்கு மாவு இருக்கும். தார் முற்றியதும் காய்க்குள்ளிருந்தே எத்திலீன் என்ற வாயு சுரக்கிறது. அந்த வாயு நொதிகளை எழுப்ப, நொதிகள் மாவை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும் பழைய முறையிலும் புகையிலுள்ள எத்திலீனும் அடைத்து வைத்த சூடும் சேர்ந்து இதே வேலையைத் தூண்டின. இன்றைய பழுக்கவைக்கும் அறைகளில் அளவான எத்திலீனும் குளிர்ச்சியும் கொடுத்து அதையே சீராகச் செய்கிறார்கள். கால்சியம் கார்பைடுக் கல்லை வைப்பது வேறு விஷயம். அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கலாம் என்பதால் இந்தியாவில் அதற்குத் தடை உண்டு. சீனிக்கிழங்குக்கு எத்திலீன் தேவையில்லை, அடுப்புத்தான் தேவை. கிழங்கிலேயே தூங்கிக்கொண்டிருக்கும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி, ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி சூட்டில் மாவை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. சூடு அதைத் தாண்டினால் நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் தணலில் புதைத்து மெதுவாகச் சுட்ட கிழங்கு, கொதிநீரில் சட்டென்று வெந்ததைவிடத் தித்திக்கிறது. வாழை பழுத்து இனிக்கிறது, கிழங்கு வெந்து இனிக்கிறது. சமையல் என்பதே ஒருவகையில் நாம் கிழங்கைப் பழுக்க வைக்கும் முறைதான்.

இங்கே சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு கேள்வியை எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். “பழம் இனிப்பு, அதனால் வேண்டாம், கிழங்கு மாவுதானே, சாப்பிடலாமா?” மேலே சொன்ன வேதியியலே இதற்குப் பதில். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து அளக்கும் கிளைசீமிக் குறியீட்டில், பழுத்த வாழை ஏறத்தாழ 50 வாங்குகிறது. சற்றுக் காய்ப்பதமாக இருந்தால் இன்னும் குறைவு. ஜமைக்காவில் 10 சர்க்கரைவள்ளி ரகங்களை வைத்து நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், வேகவைத்த கிழங்கு 41 முதல் 50 வரையும், அடுமனைச் சூட்டில் சுட்டெடுத்த அதே கிழங்கு 82 முதல் 94 வரையும் காட்டியது. ஒரே கிழங்கு, அடுப்பு மட்டும் வேறு. ஆகவே அவித்த கிழங்கும் பழுத்த வாழையும் சர்க்கரையை ஏற்றுவதில் ஏறத்தாழ ஒரே படியில் நிற்கின்றன. சுட்ட கிழங்கு பழத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. நாக்கு இனிப்பென்று சொல்வதை மட்டும் நம்பினால் கணக்குத் தவறும். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதும் குறியீட்டைப் போலவே முக்கியம். ஒரு சிறு பழத்துக்கும் ஒரு தட்டுக் கிழங்குக்கும் அளவில் ஒப்பில்லை. சிறுநீரகப் பாதிப்பால் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவர்கள் வாழையைக் கண்டு ஒதுங்குவதைப் போலவே கிழங்கிடமும் கவனமாக இருக்க வேண்டும்.

கிழங்கு வாயு என்ற பழைய குற்றச்சாட்டையும் தள்ளிவிட முடியாது. அதில் உண்மை இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவும் நாரும் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகி வாயுவை உண்டாக்குகின்றன. வாழைக்காயைச் சாப்பிட்டாலும் இதேதான் நடக்கும். ஆனால் அந்த நொதிப்பில் வாயு மட்டும் பிறப்பதில்லை. பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன; பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு அவைதான் முக்கிய எரிபொருள். நன்றாக வேகவைத்து, பழக்கமில்லாத வயிற்றுக்குக் கொஞ்சமாகத் தொடங்கினால் தொல்லை குறையும். வயிறு உப்புவதை வைத்துக் கிழங்கில் சத்தே இல்லை என்று முடிவு கட்டுவது, கீரை கசக்கிறது என்று அதைக் குப்பையில் எறிவதற்குச் சமம்.

இதுவரை சமமாக வந்த இரண்டும் ஓரிடத்தில் வெகுதூரம் விலகுகின்றன. அது நிறம். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்கு 8,500 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருப்பதாக அமெரிக்கப் பட்டியல் சொல்கிறது. கேவண்டிஷ் வாழையில் வெறும் 26. உடல் இந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. 12 மைக்ரோகிராம் கரோட்டின் 1 மைக்ரோகிராம் வைட்டமினுக்குச் சமம் என்பது கணக்கு. அதன்படி 100 கிராம் ஆரஞ்சுக் கிழங்கு 700 மைக்ரோகிராம் அளவுக்குத் தருகிறது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது 840. மாலைக்கண் நோயும் குழந்தைகளின் பார்வையிழப்பும் வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வரக்கூடியவை என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும். மொசாம்பிக்கிலும் உகாண்டாவிலும் ஆரஞ்சு சர்க்கரைவள்ளியைப் பரப்பிய அறிவியலாளர்கள் 2016இல் உலக உணவுப் பரிசைப் பெற்றது இதற்காகத்தான். ஆனால் நம் சந்தைகளில் பெரும்பாலும் கிடைப்பது வெளியே சிவந்து, உள்ளே வெளுத்த கிழங்கு. அதில் கரோட்டின் பெயருக்குத்தான் இருக்கும். தோலின் சிவப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சதையின் நிறமே கணக்கு. வாழையிலும் இப்படியே. வெளுத்த சதையுள்ள ரகங்களைவிட மஞ்சள் பாய்ந்த நேந்திரனிலும் செவ்வாழையிலும் கரோட்டின் கூடுதல். ஆக, ‘பழமா, கிழங்கா’ என்று பார்ப்பதைவிட எந்த ரகம் என்று பார்ப்பது கூடுதலாகச் சொல்லித்தரும். கரோட்டின் கொழுப்பில்தான் கரையும் என்பதால் கிழங்கோடு தேங்காய்த் துருவலோ நல்லெண்ணெயில் தாளித்த மிளகாயோ சேர்வது ருசிக்கு மட்டுமல்லாமல் சத்து உடம்பில் ஒட்டவும் உதவுகிறது.

இப்போது வலுவான மறுப்பொன்றைச் சந்திக்க வேண்டும். ஒருவர் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் உண்ண வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. வாழை சேரும், கிழங்கு சேராது. எண்களில் இரட்டையர் என்றால் ஏன் இந்தப் பாகுபாடு? அந்த விதி சத்தின் தரத்தைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. உணவில் வகிக்கும் வேலையைப் பார்த்து எழுதப்பட்டது. உலகின் பல நாடுகளில் கிழங்குதான் சோறு. சோற்றையே காய்கறிக் கணக்கில் எழுதினால் உண்மையான காய்கறி தட்டிலிருந்து காணாமல் போய்விடும். இந்த விதி நமக்கு ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது: கிழங்கை ஒப்பிட வேண்டியது வாழைப்பழத்தோடு அல்ல, சோற்றோடு.

அப்படி ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீரால் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு இது. இங்கே மூன்று வேளைத் தட்டிலும் அரிசி ஏதோவொரு வடிவில் இருக்கும். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 130 கலோரி, நார் 0.4 கிராம், பொட்டாசியம் 35 மில்லிகிராம். தோலுரித்து வேகவைத்த சர்க்கரைவள்ளியில் 76 கலோரி, நார் 2.5 கிராம், பொட்டாசியம் 230 மில்லிகிராம். தண்ணீரில் கொஞ்சம் கரைந்து போன பிறகும் சோற்றைவிட ஆறு மடங்குக்கு மேல் மிஞ்சுகிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 3,500 மில்லிகிராம் பொட்டாசியம் தேவை. உப்பு மிகுந்த நம் சாப்பாட்டில் இரத்த அழுத்தத்தை அடக்க உதவும் தாது அது. ஆகவே ஒரு வேளைச் சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் அவித்த கிழங்கு வந்தால் தட்டு செழிக்கிறது. முழுச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு அதன் மேல் கிழங்கும் சாப்பிட்டால் மாவின் மேல் மாவு ஏறுகிறது, அவ்வளவுதான். வாழைப்பழத்தையும் இதே தராசில் நிறுக்கலாம். மாலை நேரத்து பிஸ்கட்டின் இடத்திலும் பாக்கெட் முறுக்கின் இடத்திலும் அது வந்தால் பெரிய லாபம். விருந்துச் சோற்றின் முடிவில் பாயசத்தோடு சேர்த்து உரித்துப் போட்டுக்கொண்டால் லாபம் பாதியாகிவிடும்.

இந்தத் தராசு கிழங்குக்கு எதிராகவும் ஒன்றைக் காட்டுகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. சோற்றில் 100 கிராமுக்கு 2.7 கிராம் புரதம் உண்டு. வேகவைத்த கிழங்கில் அதில் பாதிதான், வாழையில் இன்னும் குறைவு. ஆகவே சோற்றின் இடத்தில் கிழங்கை வைப்பவர்கள் பருப்பையோ பயற்றையோ முட்டையையோ மீனையோ கூடவே வைக்க வேண்டும். குமுளிக் கணவாயைத் தாண்டினால் கேரளத்தில் கப்பை என்னும் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் பிரியாமல் பரிமாறப்படுவதைப் பார்க்கலாம். மாவு மட்டும் உள்ள கிழங்கின் குறையை மீன் நிரப்புகிறது. அனுபவத்தில் விளைந்த அந்தச் சேர்க்கைக்கு உணவறிவியல் பின்னாளில் காரணம் சொன்னது. வளரும் பிள்ளைக்குப் பழம் மட்டும், கிழங்கு மட்டும் என்று எந்த ஒன்றும் போதாது.

இப்பள்ளத்தாக்கின் நிலத்துக்கும் இந்த வாதத்தில் பங்கு உண்டு. 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய தோட்டக்கலைத் தொகுப்பு வளர்ச்சித் திட்டத்தில் வாழைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தேனியும் ஒன்று. வாழை நட்டால் தார் வெட்ட ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஓராண்டும் தண்ணீர் விடாமல் வேண்டும். சீனிக்கிழங்கு கொடித் துண்டை நட்ட நான்கு மாதத்தில் விளைந்துவிடும். பாசனம் எட்டாத நிலத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பியும் வளரும். அதற்குக் கூன்வண்டுத் தொல்லை உண்டு, வாழைக்குள்ள சந்தை அதற்கு இல்லை என்று விவசாயி சொல்வது நியாயம். வண்டைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியையும், ஸ்ரீ கனகா, பூ சோனா போன்ற ஆரஞ்சுக் கிழங்கு ரகங்களையும் 1963 முதல் இயங்கும் திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கித் தந்திருக்கிறது. பூ சோனாவில் 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் கரோட்டின். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த ரகங்கள் இந்தப் பக்கத்துச் சந்தைக்கு வருவதற்கு, கேட்டு வாங்கும் ஆட்கள்தான் குறை.

புறநானூற்றில் பாரியின் பறம்பு மலையைப் பாடும் கபிலர், முற்றுகையிட்ட மூவேந்தரிடம் அந்த மலை பட்டினியால் பணியாது என்பதற்கு உழவர் உழாமலே விளையும் நான்கு பொருள்களைச் சொல்கிறார்: மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பின்னாளில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கிழங்குகளுக்கும் அந்த வள்ளியின் பெயரையே வைத்து சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்று தமிழ் ஏற்றுக்கொண்டது. கபிலரின் பட்டியலில் பழமும் கிழங்கும் போட்டியாளர்கள் அல்ல. பழம் பருவத்தில் வரும், வந்தால் காத்திருக்காது. கிழங்கு மண்ணுக்குள் பொறுத்திருக்கும். தானியம் குறையும்போது இரண்டும் ஆளுக்கொரு பக்கம் தாங்கும். இன்றைய நமது தட்டில் தானியம் குறையவில்லை, மிகுந்திருக்கிறது. அந்த மிகையைக் குறைக்க அதே இரண்டும் உதவும். ஆகவே அடுத்த முறை கிழங்குக் கடையில் விலை கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: “உள்ளே என்ன நிறம்?” நான்கு பேர் கேட்டால் வியாபாரி கமிஷன் மண்டியில் கேட்பார், மண்டி கேட்டால் விவசாயி நடுவார்.